பத்து விதையை வைத்து முடிவெடுக்காதே

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. சான்று பெற்ற நெல் விதை வாங்கி, பத்து மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்ததில் ஆறுதான் முளைத்தது, மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். விதைப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தது நல்ல பழக்கம். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன், பிளஸ் டூவில் படித்த ஈருறுப்புப் பரவலை ஒருமுறை போட்டுப் பார்.

சான்று நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். அப்படியானால் பத்துக்கு எட்டு முளைத்தாக வேண்டும் என்றுதானே நினைத்தாய்? பத்தில் முளைக்காத இரண்டு எவை என்பது 45 வகையில் அமையலாம். 0.8-ஐ எட்டு முறையும் 0.2-ஐ இரண்டு முறையும் பெருக்கி, மறுபடி 45-ஆல் பெருக்கு. 0.30 வரும். 80 சதவீத விதையிலும் சரியாக எட்டு முளைப்பது பத்துக்கு மூன்று தடவைதான். இதேபோல 0 முதல் 6 வரை கணக்கிட்டுக் கூட்டினால் 0.12. குறையில்லாத விதையை எட்டுப் பேர் சோதித்தால், சராசரியாக ஒருவருக்கு ஆறோ அதற்குக் குறைவாகவோதான் முளைக்கும். இதை வைத்துக் கடைக்காரரைக் குற்றம் சொல்வது நியாயமா?

நூறு விதை வைத்துப் பார். சராசரி 80, திட்ட விலக்கம் 4. பெரும்பாலும் 72-க்கும் 88-க்கும் நடுவில்தான் வரும். அப்போதும் அறுபதுதான் முளைத்தால், தயங்காமல் போய்க் கேள். விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்துச் சோதிப்பதும் இதனால்தான். எண்ணிக்கை கூடக்கூட, கண்ணில் படும் விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்று யாக்கோபு பெர்னூலி நிறுவினார். அதை நிறுவிக் காட்டிய அவருடைய நூல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713-இல் வெளிவந்தது.

இன்னொன்றையும் கவனி. ஒரு விதை முளைப்பது இன்னொன்றைப் பாதிக்காதபோதுதான் இந்தக் கணக்கு செல்லும். ஒரே முடிச்சில் தண்ணீர் தேங்கினால் எல்லாம் சேர்ந்தே அழுகும். ஆகவே நான்கு துணிகளில் இருபத்தைந்து இருபத்தைந்தாக வை. மூன்றில் நன்றாக முளைத்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால், விதையைச் சந்தேகிக்கும் முன் அந்தத் துணியைப் பார்.

துணிவாரியாக எத்தனை முளைத்தது என்று எனக்கு எழுது. மூட்டையை என்ன செய்வது என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

அன்புடன்,
பெரியப்பா