இடுப்புச் சுற்றும் ஆண்மைச் சுரப்பும்



தொப்பை பெருக்கப் பெருக்க டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் குறைகிறது. அது குறையக் குறையத் தொப்பை இன்னும் பெருக்கிறது. வயிற்றுக் கொழுப்பில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. ஹார்மோன் குறைந்தவருக்குத் தசை கரைகிறது. சர்க்கரையைச் செலவழிக்கும் முதல் இடமே தசைதான் என்பதால் ரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது.

இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், டிரைகிளிசரைடு 150, ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100: இவை இந்திய ஆணுக்கான எல்லைகள். நல்ல கொழுப்பு 40க்குக் கீழே போகக் கூடாது. ஐந்தில் மூன்று தவறினால் அதுவே மெட்டபாலிக் சிண்ட்ரோம். டெஸ்டோஸ்டிரோனைக் காலை 10 மணிக்குள், இரண்டு தனித்தனி நாள்களில் பார்க்க வேண்டும். ராஜபாளையம் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமலே லேபுக்குப் போகிறவரின் அளவை நம்ப முடியாது. 2011இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்கு இந்த ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. பயிற்சிக்கு முன் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்கு முன்னால் நாள் முழுதும் நிற்பவர், உடம்பு உழைக்கிறது என்றே நம்புகிறார். நிற்பதால் கால் வலிக்கும்; தசை வளராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுந்திருத்தல், தண்டால், எடை தூக்குதல் வேண்டும். முதலில் தொடை, பிட்டத் தசைகள். உடம்பின் பெரிய தசைகள் அவை. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் துணையில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மற்ற நாள்களில் வேகநடை, வாரத்துக்கு 150 நிமிடங்களாவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவருக்கு ஆண்டாள் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளே போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். ஆண்டு முழுதும் அசையாமல் இருந்துவிட்டு ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுவது பயிற்சி ஆகாது, இதயத்துக்கு ஆபத்து. அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் நம்பிக்கை தருவது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு, நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டுமே அந்த நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் பயிற்சியால் மட்டும் பெரிதாக உயர்ந்துவிடாது. எடையும் இடுப்பும் குறையும்போதுதான் உயரும். தட்டில் சோற்றையும் பால்கோவாவையும் குறைக்காதவருக்கு நடை பாதிப் பலனே தரும்.

ஜிம்மில் யாரோ சொன்னார் என்று ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வது பெருந்தவறு. வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன், விரை தானாகச் சுரப்பதை அடக்கி, விந்தணு உற்பத்தியையும் குறைத்துவிடும். பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவர் அதைத் தொடவே கூடாது.