எஞ்சி நிற்பது எது?

அன்பு மகளுக்கு,



தினமும் செபிக்கிறாய், ஆனால் பேசுவது நீ மட்டும்தான், அந்தப் பக்கம் பதிலே இல்லை என்று எழுதியிருக்கிறாய். கிடைத்த வேலையில் சேர்வதா, மேற்படிப்புக்குப் போவதா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்கிறாய். செபக்கூட்டத்தில் உன் வயதுப் பெண் ஒருத்தி "ஆண்டவர் என்னிடம் பேசினார்" என்று சாட்சி சொன்னபோது உனக்கு அழுகையே வந்துவிட்டதாம். அந்த அழுகையையும் செபமாகவே எண்ணுகிறேன். கேட்க வேண்டும் என்ற தாகம் இல்லாதவருக்கு அது வராது.

காதில் விழும் குரலுக்காகக் காத்திருக்காதே. அப்படிக் கேட்ட புனிதர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வழக்கமாகத் திறக்கும் வழி வேறு. அந்த வழியைக் கால் ஒடிந்து கட்டிலில் கிடந்த ஒருவர் கண்டுகொண்ட கதையைக் கேள்.

1521 மே மாதம், பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, இனிகோ என்ற வீரரின் காலை ஒரு பீரங்கிக் குண்டு நொறுக்கியது. லொயோலாவில் இருந்த வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். அப்போதும் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான காலணி போட முடியாதே என்பதற்காக, வலியைத் தாங்கிக்கொண்டு அதையும் அறுத்தெடுக்கச் சொன்னார். அழகில் அவ்வளவு ஆசை. பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். வேறு வழியில்லாமல் அவற்றையே படித்தார்.

படித்துவிட்டுக் கண்ணை மூடினால் இரண்டு விதமான நினைவுகள் வரும். தான் மனத்தில் வைத்திருந்த உயர்குலப் பெண்ணுக்காகச் செய்யப்போகும் சாகசங்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். இன்னொரு நேரம், பிரான்சிஸ் அசிசியார் செய்ததை நானும் செய்தால் என்ன என்று நினைப்பார். இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. கலைந்த பிறகுதான் வேறுபாடு. முதலாவது மனத்தை வறட்சியோடும் நிறைவின்றியும் விட்டுச் சென்றது. இரண்டாவது போன பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. வெகுநாள் அவர் இதைக் கவனிக்கவேயில்லை. ஒருநாள் கவனித்தார். அவரைத்தான் நாம் புனித இஞ்ஞாசியார் என்று வணங்குகிறோம். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் அவருடைய தோழர். அந்தக் கட்டிலில் தொடங்கிய கவனிப்புதான் வளர்ந்து, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலானது.

நெல்லிக்காயின் இனிப்பு வாயில் போட்டவுடன் தெரிவதில்லை, தண்ணீர் குடித்த பிறகே தெரிகிறது. செபத்திலும் அப்படித்தான். "ஆண்டவரே, எது?" என்று கேட்டுவிட்டு அந்த நொடியிலேயே பதிலைத் தேடுகிறாய். எழுந்து போன பிறகு, பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் உள்ளே எது எஞ்சி நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

அதற்கென்று ஒரு வேளை வை. இரவு படுக்குமுன் பதினைந்து நிமிடம் போதும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடு. முதலில் அன்றைக்குக் கிடைத்தவற்றுக்கு நன்றி சொல். பிறகு அன்றைய பொழுதைக் காலையிலிருந்து மெதுவாக மனத்தில் ஓட்டிப் பார். எங்கே அன்பு கூடியது, எங்கே மனம் சுருங்கியது, யாரிடம் பொறுமை இழந்தாய்? வருந்த வேண்டியதற்கு வருந்து. நாளைக்கு வேண்டியதைக் கேள். இடையிடையே சும்மா இரு. மனம் எங்கெங்கோ ஓடும். ஓடியதைத் தெரிந்துகொண்டதும் திரும்பி வா, உன்னையே திட்டிக்கொள்ளாதே. காலையில் அன்றைய நற்செய்தி வாசகத்தை எடுத்து, எந்தச் சொல் உன்னைப் பிடித்து நிறுத்துகிறதோ அங்கேயே நின்றுவிடு. முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உடம்பையும் கவனி. தேர்வு நாளில் சாப்பிடாமல், தூங்காமல் செபிக்கும் பழக்கம் உனக்கு உண்டு. இறைவாக்கினர் எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது, வானதூதர் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் சாப்பிட்ட பிறகுதான் ஓரேபு மலைப் பயணம். அங்கே காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இல்லை, மெல்லிய ஒலியைக் கேட்டபோதுதான் எலியா முகத்தை மூடிக்கொண்டார் என்பது நீ அறிந்தது. அதன்பின் வந்ததைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி வந்தது. பிறகு, வந்த வழியே திரும்பிப் போ என்ற கட்டளையோடு வேலைகள் வந்தன. ஆண்டவர் பேசினால் பெரும்பாலும் நம்மை ஒரு மனிதரிடமோ ஒரு கடமையிடமோதான் அனுப்புகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே எழும் இதமான எண்ணமெல்லாம் ஆண்டவர் சொன்னது ஆகிவிடாது. நம் ஆசை நம் குரலிலேயே பேசும். அதனால்தான் தனியாகக் கேட்காதே என்கிறேன். சீலோவில் சிறுவன் சாமுவேலை ஆண்டவர் மூன்று முறை கூப்பிட்டும், மூன்று முறையும் அவன் முதிய குரு ஏலியிடம்தான் ஓடினான். கூப்பிடுவது யார் என்று கண்டுசொன்னவர் கண்பார்வை மங்கிய அந்தக் கிழவர். வந்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கே எதிரானது. மறைக்காமல் சொல் என்று அவர் வற்புறுத்திக் கேட்டார். கேட்டபின், அவர் ஆண்டவர், நல்லதென்று நினைப்பதைச் செய்யட்டும் என்று ஏற்றுக்கொண்டார். அப்படி ஒருவரைத் தேடிக்கொள்: தன் விருப்பத்தை உன் வாயிலிருந்து கேட்க நினைக்காதவர். "உன்னைப் பற்றி ஆண்டவர் என்னிடம் சொல்லிவிட்டார், இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்" என்று யாராவது வந்தால், வணக்கம் சொல்லி அனுப்பிவிடு. உனக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டவரால் உன்னிடமே சொல்ல முடியும்.

எதுவுமே எஞ்சாத நாட்கள் வரும். அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் தம் அழைப்பைத் தெளிவாக உணர்ந்தார். ஏழைகளிடையே பணி தொடங்கிய பிறகு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு உள்ளே இருளும் வெறுமையும்தான் என்பதை 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அந்த இருளிலேயே தினமும் எழுந்து செபித்தார், சாகக் கிடந்தவர்களைக் கழுவினார். அந்த ரயிலில் அவர் உணர்ந்த அழைப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் காரியத்துக்கு வருகிறேன். பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்றாய். சில நாட்கள் வேலையில் சேர முடிவு செய்துவிட்டவளாகவே நினைத்து நடமாடு. அடுத்த சில நாட்கள் படிக்கப் போகிறவளாக. ஒவ்வோர் இரவும் எஞ்சியதை இரண்டு வரி எழுதிவை. பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, நீ நம்பும் அருட்சகோதரியிடம் போ. இடையில் மனம் இருண்டு கிடக்கும் ஓர் இரவில் முடிவை மாற்றத் தோன்றினால் மாற்றாதே. தெளிவில் எடுத்த முடிவை வறட்சியில் மாற்றக் கூடாது என்பதை இஞ்ஞாசியார் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு வழியும் ஒரே மாதிரி அமைதி தந்தால், ஒரு தாளில் இரண்டின் நன்மையையும் இழப்பையும் எழுதி, செலவு, அப்பாவின் உடல்நிலை, உன் திறமை எல்லாம் பார்த்து, அறிவு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை எடு. எடுத்ததைச் செபத்தில் ஆண்டவர் முன் வை. இந்த வழியும் இஞ்ஞாசியாரின் நூலில் இருப்பதுதான்.

அன்புடன்,
உன் சித்தி