எழுத்து எண்ணிச் சொற்களை அடுக்குவது எப்படி? பைத்தானில் முதல் நிரல்: முழுமையான வழிகாட்டி

என்ன செய்யப் போகிறோம்?

குறுக்கெழுத்துப் புதிர் அமைக்க உட்கார்ந்தால் முதல் தேவை, எழுத்து எண்ணிக்கைப்படி அடுக்கிய சொற்பட்டியல். இரண்டெழுத்துச் சொற்கள் மேலே, மூன்றெழுத்து அடுத்து, நான்கெழுத்து அதற்கும் கீழே. வரிக்கு ஒரு சொல்லாக ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்போம். கையால் பிரிக்க உட்கார்ந்தால் புதிர் மேல் இருக்கும் ஆசையே போய்விடும். பதினைந்து வரிக்குள் ஒரு நிரல் எழுதிவிட்டால் கணினி அதை நொடியில் முடிக்கும். நிரல் எழுதிப் பழக்கமில்லையா? பரவாயில்லை, சேர்ந்தே போவோம்.

என்ன வேண்டும், எவ்வளவு செலவு?

பைத்தான் 3 என்ற நிரல்மொழி இலவசம். விண்டோஸுக்கான நிறுவுகோப்பு சுமார் 25 முதல் 30 எம்.பி. நிரலைத் தட்டி ஓட்ட ஐடில் என்ற எளிய திருத்தியும் அதோடு வரும். கணினியில் எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் கூகுள் கணக்கு வைத்துக்கொண்டு, உலாவியிலேயே பைத்தானை ஓட்டும் கோலாபில் செய்யலாம், அதற்கும் காசில்லை. ஆக, இணையச் செலவு மட்டும்தான்.

முதல் படி: கோப்பைத் தயார் செய்வோம்

நோட்பேடில் வரிக்கு ஒரு சொல்லாகத் தட்டி, யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமிப்போம். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 நோட்பேடில் இதுவே இயல்பான தேர்வு. நிரலையும் சொற்கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பாதை எழுதும் தலைவலி மிச்சம்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எண்ணினால் எல்லாம் தப்பாகவே வரும்.

இரண்டாம் படி: படிப்போம், அடுக்குவோம்

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.

'ஓப்பன்' கட்டளைக்குக் கோப்பின் பெயரையும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தையும் கொடுத்துத் திறக்கிறோம். 'ரீட்' போட்டுப் படித்து, 'ஸ்பிளிட்லைன்ஸ்' போட்டு வரிவரியாகப் பிரிக்கிறோம். கிடைக்கும் பட்டியலுக்கு 'வரிகள்' என்றே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஒவ்வொரு வரிக்கும் 'ஸ்ட்ரிப்' போட்டு ஓரங்களில் ஒட்டிய இடைவெளியை நீக்கி, வெற்று வரிகளையும் தள்ளிவிடுவோம். தள்ளாவிட்டால் அவற்றின் நீளம் சுழியம் என்பதால் முதல் வரிசையை அவையே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து 'சார்ட்டட்'. அதற்குள் 'வரிகள்' என்றும், 'கீ' என்ற இடத்தில் 'லென்' என்றும் கொடுத்தால் நீளப்படி அடுக்கித் தரும். நீளம் ஒன்றாக உள்ள சொற்கள் முன்பிருந்த வரிசை மாறாமலே வரும். ஆங்கிலச் சொற்களுக்கு வேலை இத்தோடு முடிந்தது.

தமிழுக்கு ஏன் இது போதாது?

'லென்' எண்ணுவது யூனிகோடு குறிகளை. கொக்கு நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆறு குறி: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. நகரம் நான்கெழுத்து, கணினிக்கு ஐந்து குறி. ஆக, நான்கெழுத்து நகரம் மூன்றெழுத்துக் கொக்குக்கு முன்னால் போய் நிற்கும். புதிர்க் கட்டத்தில் இது ஒத்தே வராது. விரிதாளில் நீளம் காணும் சூத்திரத்துக்கும் இதே கோளாறு உண்டு.

மூன்றாம் படி: நம் அளவுகோலை நாமே செய்வோம்

புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் சரியான கணக்கு வந்துவிடும். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை ஒதுக்கியிருக்கிறது. சார்ந்து நிற்கும் குறிகளின் வகைப்பெயர் 'எம்' என்ற பேரெழுத்தில் தொடங்கும். அதைக் கேட்டுச் சொல்வதற்குப் பைத்தானிலேயே 'யூனிகோடுடேட்டா' என்ற தொகுதி இருக்கிறது; 'இம்போர்ட்' செய்தால் போதும்.

பிறகு 'டெஃப்' போட்டு 'அளவு' என்று ஒரு செயற்கூறு எழுதுவோம். எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்கி, 'ஃபார்' போட்டுச் சொல்லின் ஒவ்வொரு குறியாகப் பார்க்கிறோம். 'கேட்டகரி' தரும் விடை 'எம்'-இல் தொடங்காவிட்டால் ஒன்று கூட்டுகிறோம். கடைசியில் 'ரிட்டர்ன்' மூலம் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறோம். இப்போது 'லென்' இருந்த இடத்தில் 'அளவு' என்று மாற்றுங்கள். கொக்கு முன்னே வரும், நகரம் பின்னே போகும். ஆய்தம் தனியெழுத்தாகவே எண்ணப்படுவதால் எஃகு மூன்றெழுத்து, அதுவும் சரிதான்.

நான்காம் படி: சேமிப்போம்

மீண்டும் 'ஓப்பன்', இம்முறை எழுதுவதற்கான 'டபிள்யூ' குறியோடு. அடுக்கிய வரிகளைப் புதுவரிக் குறியால் 'ஜாயின்' செய்து எழுதிவிடலாம். ஐடிலில் எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடும்.

கவனம் தேவை

விடைக் கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள். 'டபிள்யூ' குறி அதே பெயரில் இருக்கும் கோப்பைக் கேட்காமல் அழித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கும்.

'சார்ட்' வேறு, 'சார்ட்டட்' வேறு. முன்னது இருக்கும் பட்டியலையே மாற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். அதன் விடையை ஒரு பெயரில் வாங்கி வைத்தால் 'நன்' என்பதுதான் மிஞ்சும்.

யூடிஎஃப்-8 என்று சொல்ல மறந்தால் விண்டோஸில் பல பதிப்புகள் பழைய குறியேற்றத்தில் படிக்கப் பார்க்கும். பிழைச்செய்தியோ குப்பை எழுத்தோ வரும்.

க்ஷ என்பதை நம் நிரல் இரண்டாக எண்ணும். ஒன்றா இரண்டா என்பதைப் புதிர் அமைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே நீளச் சொற்களை அகரவரிசையிலும் வைக்க நினைத்தால் இன்னும் சற்று வேலை இருக்கிறது. யூனிகோடில் ன என்பது ந-வை அடுத்தே வருவதால், பைத்தானின் இயல்பான வரிசை நம் அகராதி வரிசை ஆகாது. அதற்கு ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரலகத்தைப் பாருங்கள். எழுத்துகளைப் பிரித்தும் தரும்.

முழுப் பட்டியலையும் உடனே கொடுத்துவிடாதீர்கள். முதலில் பத்துச் சொல்லை வைத்து ஓட்டி, விரல்விட்டு எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துப்போனால் மீதியையும் கொடுக்கலாம்.