நாற்றுப் பண்ணைக்குப் போகும் முன்

இளம்பிள்ளை,
ஆனி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. தறிக்கொட்டகைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் மேட்டு நிலத்தில் வைக்க நீ அனுப்பிய செடிப் பட்டியல் வந்தது. காப்பி, மிளகு, குரோட்டன்ஸ்! ஏற்காடு போய்வந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது.

காப்பியை 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டு மலைக்குத்தான் கொண்டுபோனார், நம் கஞ்சமலை அடிவாரத்துக்கு அல்ல. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேகம், மர நிழல். காப்பி இலை அகலமாய், நுனி கூராக நீண்டிருக்கும். மேலே விழுந்த மழை அந்த நுனி வழியாக வடிந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதற்கு ஆகாது.

இங்குள்ள இலைக்கோ இருக்கிற ஈரத்தைக் காப்பதுதான் கவலை. வேலியோரத்து எருக்கிலையை விரலால் தேய்த்துப் பார். வெள்ளையாக ஒட்டுவது மெழுகும் நுண்ணிய மயிரும்தான். வெயிலின் வேகத்தைக் குறைத்து ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளும். திருகுகள்ளி இலையையே ஏறக்குறைய துறந்துவிட்டது. பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறாக்குகிறது. தண்ணீர் குறைந்தால் சோளப்பயிர் நடுப்பகலில் இலையைச் சுருட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் விரிக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி அடியிலைகளை உதிர்த்துவிட்டு நுனியில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும். பட்டுவிட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே காசு கொடுத்து நாற்று வாங்காதே. இந்த வெயிலுக்குப் பழகிய மரங்களின் விதை இங்கேயே கிடக்கிறது. ஆனால் எல்லா விதைக்கும் ஒரே பக்குவம் செய்யக் கூடாது. வேப்பம்பழம் இப்போதுதான் உதிர்கிறது. மழைக்காலம் பக்கத்தில் இருப்பதால் அதன் கொட்டைக்குக் காத்திருக்கும் பழக்கமில்லை; இரண்டு மூன்று வாரம் போனாலே முளைப்பு குறைந்துவிடும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே ஊன்று. டப்பாவில் போட்டுப் பொங்கலுக்கு எடுக்காதே.

சரக்கொன்றை நேர்மாறு. ஒரு மழையை நம்பி முளைத்துக் கருகிப்போகாதபடி ஓடு கெட்டியாக இருக்கும். அப்படியே போட்டால் வருடக்கணக்கில் தூங்கும். ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் உரசி, இரவு தண்ணீரில் போடு. காலையில் உப்பியிருந்தால் நீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். உப்பாததை இன்னொரு முறை உரசு. ஆவாரைக்கும் இதே கைப்பக்குவம்தான். கெட்டி ஓட்டின் பலத்துக்கு எல்லை எங்கே என்று கேட்டால், சீனாவில் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 ஆண்டுக்குப் பிறகும் முளைத்திருக்கிறது.

எருவில் கவனம். ஆடு சீமைக்கருவேலங்காயைத் தின்றால் விதை சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். மக்காத ஆட்டெருவைக் கொட்டினால் அடுத்த வருஷம் முள்ளுக்காடுதான். நாயுருவி தானாக வந்துவிடும்; அந்தப் பக்கம் போய்வந்தாலே உன் அத்தையின் சேலைக்கரை முழுக்க அதன் விதைதான்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. வேப்பங்கொட்டை பொறுக்கி வைக்கிறேன். காப்பியையும் மிளகையும் அடித்துவிட்டேன். குரோட்டன்ஸை அக்கா கேட்டாளாமே, அதை மட்டும் வாசல் நிழலில் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா