ஜாஸ் பெட்டித் தொகுப்புகள்: எதை வாங்குவது, தீவகத்தில் எப்படிக் காப்பது?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தம்பி நத்தார் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்டார். பில்லி ஹொலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட் ஆகியோரின் பாடல்களைப் பெட்டித் தொகுப்பாக வாங்கிவரச் சொல்ல நினைக்கிறேன். ஒரே பாடகிக்கு மலிவான பெட்டியும் இருக்கிறது, அதைப் போலப் பத்து மடங்கு விலையான பெட்டியும் இருக்கிறது. எதைச் சொல்வது? எங்கள் உப்புக்காற்றில் இவை நிலைக்குமா?
— வாசகர் ஒருவர், நயினாதீவு

பதில்: உங்கள் தம்பியிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். பெட்டியில் எத்தனை சீடி இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன் அதனுள் இருக்கும் சிறு புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். ஒவ்வொரு பாடலும் எந்தத் தேதியில் பதிவானது, எந்த ஊரில், யார் யார் வாசித்தார்கள், எந்த மூலத் தட்டிலிருந்து இப்போது எடுக்கப்பட்டது? இந்த நான்குக்கும் விடை இருந்தால் அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் வேலை தெரிந்தவர்கள். விடை இல்லாவிட்டால் இருபது சீடி இருந்தாலும் வேண்டாம்.

மலிவுக்குக் காரணம்

ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் உரிமைக்காலம் முன்பு 50 ஆண்டு. 2013 நவம்பரில் அது 70 ஆண்டாக நீண்டது. ஆனால் அதற்கு முன்பே காலாவதியான உரிமை மீண்டும் உயிர்பெறவில்லை. அதனால் 1963க்கு முன் வெளியான ஜாஸ் பதிவுகளை அங்கே யாரும் சட்டப்படி வெளியிடலாம். இங்கிலாந்திலிருந்து மலிவுப் பெட்டிகள் குவிவது இதனால்தான்.

மலிவு என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. ஜே.எஸ்.பி. நிறுவனம் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் ‘ஹொட் ஃபைவ்’, ‘ஹொட் செவன்’ குழுப் பதிவுகளை (1925–1928) நான்கு சீடிகளில் தந்தது. பழைய 78 சுழற்சித் தட்டுகளிலிருந்து அவற்றை எடுத்துச் செப்பனிட்டவர் ஜோன் ஆர்.ரி. டேவிஸ். மூலத் தட்டின் இரைச்சலில் கொஞ்சத்தை விட்டுவைத்து, கொம்பின் நாதத்தைக் காத்தவர் அவர். பெரிய நிறுவனங்களின் பெட்டிகளை விட இதன் ஒலியையே விரும்பும் சேகரிப்பாளர் பலர். புரொப்பர் நிறுவனத்தின் நான்கு சீடிப் பெட்டிகளிலும் நல்ல குறிப்புப் புத்தகம் இருக்கும்.

வேறொருவர் பாடுபட்டுச் செப்பனிட்டதை அப்படியே நகலெடுத்து, குறிப்பு எதுவுமின்றி விற்கும் பெட்டிகளும் உண்டு. சில இடங்களில் இரைச்சலை நீக்குவதாகச் சொல்லிப் பாடகியின் மூச்சையும் தாளத்தட்டின் கூர்மையையும் சேர்த்தே துடைத்துவிடுவார்கள். வாங்குமுன் இணையத்தில் ஒரு பாடலைக் கேளுங்கள். வரிக்கும் வரிக்கும் இடையில் பாடகி மூச்சு வாங்குவது காதில் விழ வேண்டும்.

‘முழுத் தொகுப்பு’ எல்லோருக்கும் அல்ல

பில்லி ஹொலிடேயின் கொலம்பியாப் பதிவுகள் (1933–1944) 2001இல் பத்து சீடிப் பெட்டியாக வந்து கிராமி விருது பெற்றன. சிறந்த பெட்டி. ஆனால் முழுத் தொகுப்பு என்றால் ஒரே பாடலை இரண்டு மூன்று தடவை பாடிப் பதிந்ததும் உள்ளே வரும். ஆய்வு செய்பவருக்கு அது புதையல். அவர் குரலுக்குப் புதியவர் அதில் தொடங்கினால் சலித்துவிடுவார். முதலில் இரண்டு சீடித் தெரிவு ஒன்றை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்தும் மனம் அங்கேயே நின்றால் பெரிய பெட்டிக்குப் போகலாம்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரல்டின் ‘சோங் புக்’ வரிசை வேறு வகை. நோர்மன் கிரான்ஸ் தயாரிக்க, 1956 முதல் 1964 வரை ஒவ்வொன்றாக வந்தவை. 1993இல் வேர்வ் நிறுவனம் அவற்றைப் பதினாறு சீடிகளாக ஒன்றுசேர்த்தது. கோல் போர்ட்டர், டியூக் எலிங்டன், இர்விங் பேர்லின் என்று இசையமைப்பாளர் ஆளுக்கொரு தொகுதி. தியாகராஜர் கீர்த்தனைகளை மட்டுமே பாடும் கச்சேரி நமக்குப் பழக்கமானதுதானே, அதே முறை. எனவே பதினாறையும் ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை. நெல்சன் ரிடிலின் இசை ஒழுங்கமைப்பில் 1959இல் வந்த கேர்ஷ்வின் தொகுதியை முதலில் கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் முதல் கொள்முதல் அதுதான்.

அமெரிக்காவின் மொசைக் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து எண்ணிட்ட, மட்டுப்படுத்திய பிரதிகளை வெளியிட்டு வருகிறது. நற் கிங் கோல் ட்ரியோவின் கப்பிட்டல் பதிவுகளைப் பதினெட்டு சீடிகளில் தந்தவர்கள் அவர்கள். பிரதி தீர்ந்துவிட்டால் பழைய சந்தையில் விலை ஏறும். விலை ஏறும் என்று கணக்குப் போட்டு அதை வாங்காதீர்கள். கேட்பதற்கு நேரம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்னொரு பெயரையும் தம்பியின் பட்டியலில் சேருங்கள்: இலங்கையில் பிறந்த யொலாண்டே பாவன். அன்றைய ஜாஸ் குரலிசையில் முன்னணியில் நின்ற லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ் குழுவில், அனி ரொஸ் விலகியபின் 1962இல் சேர்ந்தவர். அந்த மூவரும் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குத் தந்த மூன்று தொகுதிகளும் மேடையில் பதிவானவை. டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்து வாசித்திருக்கிறார்கள். ஜாஸ் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பெயர்களையும் சொல்லுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

லண்டனில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழம்பொருட் கடைகளில் சீடிப் பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெட்டியைத் திறந்து சீடிகளை எண்ணட்டும். குறிப்புப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒவ்வொரு சீடியையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை போல ஒளி வருகிறதா என்று பார்க்கட்டும். துளை தெரிந்தால் உள்ளிருக்கும் உலோகப் படலம் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். 1980களின் பெட்டிகளில் சீடிக்கு மேலே பஞ்சு அட்டை வைத்திருப்பார்கள். நாளாக அது இளகி சீடியில் ஒட்டும். வாங்கிய அன்றே எடுத்து வீசிவிட வேண்டும்.

எல்.பி. பெட்டி வேண்டுமா? எங்கள் வெயிலில் எல்.பி. வளையும், பாரமும் அதிகம். தீவில் இருப்பவருக்கு சீடியே நல்லது. வீட்டில் பழைய 78 தட்டுகள் இருந்தால் அவற்றை எல்.பி. ஊசியில் போடாதீர்கள், அவற்றின் தவாளிப்பு அகலமானது, வேறு ஊசி வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும் கூடாது. அந்தத் தட்டில் இருக்கும் அரக்கு அதில் கரையும்.

உப்புக்காற்றும் மாரியும்

பெட்டியைத் தம்பி கைப்பையில் கொண்டுவரட்டும். குறிகட்டுவானில் படகேறுமுன் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கடல்நீர் தெறித்தால் சீடி தப்பும், அட்டைப் பெட்டியும் புத்தகமும் தப்பாது.

வீட்டில் சோளகம் அடிக்கும் பக்கத்துச் சுவரில் அலுமாரியை வைக்காதீர்கள். நிலத்திலிருந்து ஒரு முழமாவது உயரத்தில், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல்லாகப் பார்த்து வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்தது என்று தெரியும். மாரி காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். அரிசி போடாதீர்கள், தூசியும் வண்டும் வரும். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

சீடியை விட முதலில் பழுதாவது இயந்திரம்தான். இணைப்புமுனைகளில் கறள் பிடிக்கும். ஆகவே வாங்கிய கிழமையிலேயே கணினியில் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) கோப்பாக எடுத்து, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றைத் தம்பியிடமும் வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டி

நான் மேலே சொன்ன பெட்டிகள் சாத்தியமானதற்குக் காரணம் ஏடுகள். ஒலிப்பதிவுக் கூடங்கள் தேதிவாரியாகக் குறிப்பேடு வைத்திருந்தன. 1936இலேயே பாரிஸில் சார்ல்ஸ் டெலோனே ஜாஸ் தட்டுகளின் விபரப் பட்டியலை நூலாக்கினார். எழுதி வைத்தவர்கள் இருந்ததால் அறுபது எழுபது ஆண்டு கழித்து முழுத் தொகுப்பு செய்ய முடிந்தது.

எங்கள் பக்கம் அப்படி எழுதி வைக்காத கசெற்றுகளே அதிகம். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் தனி, கோயில் திருவிழாக் கச்சேரி, கூத்துப் பாட்டு என்று வீடுகளில் கிடந்தவை எத்தனையோ. 1990–91 இடப்பெயர்வில் தீவகத்து வீடுகளோடு அவற்றில் பெரும்பகுதி போனது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட சனங்கள் நாங்கள். அந்த அருமையோடு யாராவது காத்துவைத்த கசெற் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மொசைக் பெட்டியையும் விட அது அரியது. அதற்கு இன்னொரு பிரதி உலகில் இல்லாமல் இருக்கலாம்.

அதற்கும் அதே நான்கு கேள்விதான். எந்த ஆண்டு, எந்தக் கோயிலில் எத்தனையாம் திருவிழா, யார் யார் வாசித்தார்கள், யாருடைய கசெற்றிலிருந்து பிரதி எடுத்தது? பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள், விபரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் வேவ் கோப்பாக எடுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்துடன் தொடர்புகொண்டு அங்கும் ஒரு பிரதி சேர வழிபாருங்கள்.

தம்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, கசெற்றைப் போட்டு, ஊரில் வயது போனவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். குரலையும் வாசிப்பையும் வைத்தே ஆளைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நயினாதீவில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், சொன்னவர் பெயரையும் சேர்த்து.