சைட் சிலோ என்றால் முதலில் லொக்கைப் பாருங்கள்

நீர்வேலியில் வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழக ஆய்விதழ்த் தளமொன்றைப் பராமரிக்கும் வேலை வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். இலங்கை ஆய்விதழ்களை ஒரே கூரையின் கீழ் இணையத்துக்குக் கொண்டுவந்த 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' 2008இல் பிரித்தானியாவின் ஐஎன்ஏஎஸ்பி அமைப்பின் துணையோடு தொடங்கியது; அதை நடத்துவது தேசிய விஞ்ஞான மன்றம். இன்று பல்கலைக்கழகங்களும் தனித்தனியே தளம் வைத்திருக்கின்றன. பலவற்றின் அடியில் ஓடுவது கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஓஜேஎஸ். மென்பொருள் இலவசம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.

முதல் முறைப்பாடு எப்படியும் "தம்பி, சைட் சரியான சிலோ" என்றுதான் வரும். உடனே பெரிய சேர்வர் கேட்டு எழுதாதீர்கள். வாழைக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் நம்மூர்த் தோட்டக்காரர் புது மோட்டர் வாங்க முதல் வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்பார். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, லொகின் பண்ண முன்னமா பின்னமா என்று கேளுங்கள். போன் டேட்டாவில் ஒருக்கால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதி முறைப்பாடு வீட்டு வைபையோடு முடிந்துவிடும்.

மிச்சத்துக்கு, யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று சேர்வர் குறித்துவைக்கும் அக்செஸ் லொக்கைப் பாருங்கள். வாசகர் கொஞ்சப் பேர்தான் வந்திருப்பார்கள். தேடல் பக்கத்தை மட்டும் யாரோ விநாடிக்குப் பல தடவை தட்டிக்கொண்டிருப்பார்கள். செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி சேர்க்கும் தானியங்கி நிரல்களான பொட்கள் இவை. திறந்த களஞ்சியங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான கோவார் 2025இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்த களஞ்சியங்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை இந்தத் தொல்லையைச் சொல்லின. ஒவ்வொரு தேடலும் தரவுத்தளத்தைக் கிண்டுவதால் அந்தப் பக்கத்துக்கு வேக வரம்பு போடுங்கள். ஆத்திரத்தில் எல்லாப் பொட்டையும் அடைத்துவிடாதீர்கள். கூகிள் ஸ்கொலருக்குக் கட்டுரை சேர்ப்பதும் ஒரு பொட்தான். அது வராவிட்டால் உங்கள் இதழின் கட்டுரைகளை மேற்கோள் காட்ட ஆளிராது.

அடுத்தது பின்னணி வேலைகள். நினைவூட்டல் மின்னஞ்சல், பார்வையாளர் கணக்கு போன்றவற்றை ஓஜேஎஸ் இயல்பில் வாசகர் பக்கம் திறக்கும் சாட்டிலேயே செய்து முடிக்கப் பார்க்கும். அவற்றை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் குரோனுக்கு மாற்றுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: சேர்வரின் மணிக்கூடு பெரும்பாலும் கிரீன்விச் நேரம். விடியப்புறம் 4 மணி என்று நீங்கள் வைத்த வேலை நமக்குக் காலை 9.30க்கு, பதிப்பாசிரியர் கணினி முன் குந்தும் நேரத்துக்கு ஓடும். இரவு 10.30க்கு வைத்தால் நமக்கு விடியற்காலை நாலு.

தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்கியூஎல்லின் நினைவக ஒதுக்கம் இயல்பில் 128 எம்பிதான். சேர்வரில் இடமிருந்தால் கூட்டுங்கள். பொட்கள் நிரப்பிய செஷன் அட்டவணையையும் துப்புரவாக்குங்கள்.

எதைத் தொடமுதலும் பக்கப் எடுங்கள். தரவுத்தளம் மட்டும் போதாது. கட்டுரைக் கோப்புகள் வேறு கோப்புறையில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முன் எத்தனை விநாடி, பின் எத்தனை விநாடி என்று குறித்து, பதிப்பாசிரியருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்தக் குறிப்பு கூடப் பேசும்.

இவ்வளவும் செய்தும் தளம் இழுத்தால், அப்போது பெரிய சேர்வர் கேட்டு எழுதுங்கள். அந்தக் குறிப்பையும் கடிதத்தோடு இணைத்தால் நிதியாளர் மறுக்கக் காரணம் தேடவேண்டிவரும்.