புற்றுக் காளானை அறியும் முறை

மழை பெய்த சில நாட்களில் காட்டோரங்களிலும் தோப்புகளிலும் கறையான் புற்றையொட்டிக் கூட்டமாக முளைப்பது புற்றுக் காளான். சுவைமிக்க இவ்வுணவு விலையின்றிக் கிடைப்பது. ஆயினும் அதே நாட்களில் நச்சுக் காளான்களும் முளைக்கின்றன. ஆதலால் இதனை ஐயமறப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

தோற்றம்

கறையான்கள் தாம் தின்ற சருகு, மரத்துகள் ஆகியவற்றின் கழிவைக் கொண்டு புற்றினுள் கடற்பஞ்சு போன்ற கூடுகளை அமைக்கின்றன. அவற்றில் ஒருவகைப் பூசணத்தை வளர்த்து உண்கின்றன. மண் நனைந்ததும் அப்பூசணமே காளானாக மேலெழுகிறது. பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் 1942-இல் இவ்வினத்திற்கு டெர்மிடோமைசிஸ் எனப் பெயரிட்டார்.

அடையாளங்கள்

1. தண்டு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு கறையான் கூட்டை நோக்கிச் செல்லும். பெரிய வகைப் புற்றுக் காளானுக்கு இதுவே தலையாய அடையாளம்.

2. குடையின் நடுவே, மண்ணைத் துளைத்து வருவதற்கேற்ற கூரிய முனை இருக்கும்.

3. குடையின் அடியிலுள்ள இதழ்கள் வெண்மையாயிருந்து, முதிர்கையில் இளஞ்சிவப்புச் சாயல் பெறும்.

4. முதிர்ந்த குடையை ஓரிரவு தாளின்மேல் கவிழ்த்து வைத்தால் இளஞ்சிவப்பு கலந்த வெளிர்நிறத் தூள் படியும்.

இவை யாவும் ஒருங்கே பொருந்துதல் வேண்டும்.

விலக்க வேண்டியவை

புல்வெளியில் முளைக்கும் ஒருவகை நச்சுக் காளானின் குடையில் பழுப்புச் செதில்களும், தண்டில் வளையமும் உண்டு. இளமையில் வெண்மையாக உள்ள அதன் இதழ்கள் பின்னர் பச்சையாகும். அதனை உண்டோர்க்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். இதனினும் கொடியவை, தண்டின் அடி ஒரு கிண்ணத்துள் பதிந்திருக்கும் வகைகள். பிடுங்கினால் அக்கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். புற்றுக் காளானின் வேரும் அவ்வாறே அறுந்துவிடும். எனவே காளானைப் பிடுங்காமல், களைக்கொத்தினால் பக்கத்து மண்ணை அகற்றி, அடிவரை பார்த்தே எடுக்க வேண்டும். ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றவற்றைப் பிடுங்குதல் தவறு. கூட்டத்தில் வேற்றினமும் கலந்திருக்கலாம். புற்றில் பாம்பு தங்குமாதலால் வெறுங்கையை நுழைக்கலாகாது.

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பன பொய்யான நம்பிக்கைகள். கொடிய நஞ்சு சமைப்பதாலும் நீங்காது.

நஞ்சுண்டோர்க்கு

உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின் தொடங்கும் வாந்தி பேராபத்தின் அறிகுறி. அது தணிந்து நோயாளி தேறியதுபோல் தோன்றினும், உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். காலம் தாழ்த்தாது, எஞ்சிய காளானுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உடன் உண்ட அனைவரும் செல்வது அவசியம்.

ஊராட்சியின் கடமை

மழைக்காலத் தொடக்கத்தில், பழக்கமுள்ள பெரியவர்களைக் கொண்டு, வேருடன் அகழ்ந்த காளானை ஊர் மக்களுக்குக் காட்டச் செய்யலாம். பொதுநிலத்துப் புற்றுகளை வீணே இடிக்காது காத்தல் வேண்டும். கூடு அழியாதிருந்தால் மறு ஆண்டும் அங்கே காளான் முளைக்கும். ஐயமுள்ள காளான் எதுவாயினும் அதனை உண்ணாது விடுவதே அறிவுடைமை.